சுருக்குமடியும் ஊர் வரியும்: கடலூர்க் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தால் யாரும் தண்டோரா போட்டுச் சொல்வதில்லை. வரி வாங்க வருகிறவர் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விடுவார், அவ்வளவுதான். 2023 ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் வரி, வசூல் நடந்தபோது, என் பெரியம்மா மகன் வீட்டில் அண்ணி பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் வாங்கினார்கள். எதிர் வீட்டில் வாங்கினார்கள். அவர் வாசலில் யாரும் நிற்கவே இல்லை. அபராதம், கூட்டம், சண்டை என்று அதற்கு முன் நடந்ததெல்லாம் ஆண்களின் விவகாரமாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அது தன் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அண்ணிக்குப் புரிந்தது.

நானும் அந்த ஊரில் பிறந்தவன். என் அப்பா செவுள் வலைக்காரர். சுருக்குமடி வலை வேண்டாம் என்று ஊர் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அந்தக் கையெழுத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்த வலையோடு கடலுக்குப் போய், ஊர் போட்ட அபராதத்தைக் கட்டாததால் ஒதுக்கப்பட்டவர் என் அண்ணன், அந்தப் பெரியம்மா மகன். ஆகவே இதை நடுநிலையாளனாக எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயர் வேண்டாம். தாழங்குடாவுக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடைப்பட்ட குப்பங்களில் ஒன்று. பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டியது போலாகிவிடும்.

வலை

கடற்கரையைப் பார்க்காதவர்களுக்கு முதலில் வலையைச் சொல்ல வேண்டும். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். சுருக்குமடியில் அந்த வாய் கீழே, கடலுக்குள் இருக்கிறது. மீன் கூட்டமாக மேயும் இடத்தைப் பார்த்து, படகு சுற்றி வந்து வலையைச் சுவர் போல இறக்கும். அடிப்பக்கத்து வளையங்களில் கோர்த்த கயிற்றை இழுத்ததும் வலையின் அடி மூடிவிடும். கூட்டம் முழுவதும் உள்ளே. குஞ்சும் உள்ளே, சினை மீனும் உள்ளே.

செவுள் வலை அப்படியில்லை. கண்ணின் அளவுக்கு ஏற்ற மீன் மட்டும் செவுளில் மாட்டும். சிறியது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். இரண்டு மூன்று பேர் ஒரு பைபர் படகில் போய் வரலாம். சுருக்குமடிக்கு முப்பது நாற்பது ஆள் வேண்டும், பெரிய படகு வேண்டும், வலைக்கு மட்டும் பல லட்சம் வேண்டும். ஒருவரால் முடியாது என்பதால் பங்கு போட்டு வாங்குகிறார்கள். எங்கள் கரையில் இந்த வலை பரவியது பெரும்பாலும் 2004 சுனாமிக்குப் பிறகுதான். படகும் வலையும் இழந்தவன் கையில் நிவாரணப் படகு வந்தது. ஆனால் எல்லோர் கையிலும் படகு வந்ததால், ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற மீன் குறைந்தது. அப்போது ஒரே பாட்டில், அதாவது ஒரு தடவை வலை இறக்கியதிலேயே, டன் கணக்கில் மத்தியும் கானாங்கத்தையும் அள்ளித் தருகிற வலை கண்ணில் பட்டால் யார் வேண்டாம் என்பார்கள்?

அண்ணன் போட்டது ஒரு பங்கு. அண்ணியின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. பேராசை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய பெண் நர்சிங் படிக்கிறாள். செவுள் வலை வருமானத்தில் அந்தப் படிப்புச் செலவைத் தாங்க முடியாது என்று அவர் போட்ட கணக்கு சரியான கணக்குதான்.

சட்டம் போட்ட கோடு

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கியது. சுருக்குமடியை 2000-ஆம் ஆண்டிலேயே அரசாணை மூலம் தடை செய்தார்கள். தடை காகிதத்தில் இருந்தது, வலை கடலில் இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு கொடுத்தது. அதன்படி 12 கடல்மைலுக்கு அப்பால், அதாவது கரையிலிருந்து 22 கிலோமீட்டருக்கு மேல், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம். படகு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனைகளும் உண்டு.

அந்த 12 கடல்மைலுக்குக் காரணம் இருக்கிறது. அதுவரைதான் மாநிலத்தின் மீன்பிடி அதிகாரம் செல்லும். அதற்கு அப்பால் மத்திய அரசு. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது. அது காலையில் 14 மைலில் மேயும், மாலையில் 7 மைலுக்கு வரும். பிறகு நடந்த எல்லாமே இந்த இடத்தில்தான் முளைத்தது.

தொழில் செய்யும் சுதந்திரம் அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவில் இருக்கிறது. அதே பிரிவின் 6-ஆம் உட்பிரிவு, பொதுமக்கள் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்கிறது. கேரளம் தன் கடல் எல்லைக்குள் சுருக்குமடி வகை வலைகளைத் தடை செய்ததை எதிர்த்து வந்த வழக்கில், 1993-இல் உச்ச நீதிமன்றம் தடையை ஏற்றுக்கொண்டது. கரையோரச் சிறு மீனவர்களின் பிழைப்பைக் காப்பது பொதுநலன்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டப்படி பார்த்தால் வலைக்குக் கட்டுப்பாடு போடுவதில் தவறில்லை. அந்தக் கேள்வி முப்பது வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் எழுந்தது வேறு கேள்வி.

ஊர் போட்ட கோடு

2023 பங்குனியில் ஊர்க்கூட்டம் கூடியது. இரண்டு நாள் அனுமதி வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சு. கூட்டம் பயந்துபோயிருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இதே கடலூர்க் கரையில் 2018 மே மாதம் சுருக்குமடித் தகராறில் இரண்டு கிராமங்கள் மோதி ஒரு மீனவர் கொல்லப்பட்டார். 2021 ஆகஸ்டில் புதுச்சேரியில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்கள் மோதிக்கொண்டபோது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியதாயிற்று. நம் ஊரில் அப்படி ஒரு பிணம் விழக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு நாளோ ஒரு நாளோ, 12 மைலுக்கு உள்ளேயோ வெளியேயோ, நம் ஊரிலிருந்து சுருக்குமடி போகாது என்று முடிவானது. வலையைப் பங்குதாரர்கள் விற்றுக்கொள்ளலாம். மீறினால் ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் அபராதம்.

அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாற்பது பேர் கடனில் வாங்கிய வலையை யாரிடம், என்ன விலைக்கு விற்பது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்ததும் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் பங்குதாரர்கள் பக்கத்துத் துறையிலிருந்து வலையை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மத்தியோடு திரும்பினார்கள். மறுநாள் செவுள் வலைக்குப் போனவர்களில் பலர் டீசல் காசுக்குக்கூட மீன் இல்லாமல் வந்தார்கள். சந்தையில் மத்தி விலையும் விழுந்துவிட்டது. அன்று இரவே கூட்டம். அபராதம் கட்டச் சொன்னதும் ஒவ்வொருவராகக் கடன் வாங்கிக் கட்டினார்கள். அண்ணன் மட்டும் கட்டவில்லை.

“நீதிமன்றம் போன்னு சொன்ன நாள்ல, போன்னு சொன்ன இடத்துக்குப் போனேன். தப்பு செஞ்சவன்தானே அபராதம் கட்டணும்?” என்றார்.

கூட்டத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான். அதன் பிறகு அவர் ஒரு புகார் மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே, ஊர்ப் பிரச்சினையை ஊரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனு கொடுத்த செய்தி அவர் வீடு வந்து சேருவதற்கு முன் ஊருக்கு வந்துவிட்டது. ஊரைக் காவல் நிலையத்துக்கு இழுக்கப் பார்க்கிறான் என்று பேச்சு மாறியது. ஆடியில் வரி வாங்கவில்லை.

அண்ணன் பக்கமும் அப்பா பக்கமும்

இந்த இடத்தில் இரண்டு பேரின் வாதத்தையும் அவர்கள் சொன்ன மாதிரியே வைக்கிறேன்.

அண்ணன் சொல்வது: என் உழைப்பு, என் கடன், என் வலை. கடல் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதில்லை. இழுவைப் படகுகள் கரைக்கு அருகில் வந்து அடிமட்டத்தையே சுரண்டிக்கொண்டு போகின்றன. அவர்களை இந்த ஊர் என்ன செய்தது? அரசாங்கம் என்ன செய்தது? பணக்காரனுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் எதற்கு?

அப்பா சொல்வது: நிலத்தில் உன் வயலுக்கு நீ எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும் என் வரப்பு எனக்குத் தெரியும். கடலில் வரப்பு இல்லை. நீ அள்ளியது உன் மீன் என்று எப்படிச் சொல்வாய்? நேற்று அது என் வலைக்கு வந்துகொண்டிருந்தது.

அப்பாவின் பேச்சில் சுதந்திரம் பற்றிய ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் செய்வதில் சமூகம் தலையிடக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். இன்றைக்கும் தனிமனித உரிமை பேசுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு அதுதான். அந்த அளவுகோல் வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். நான் என்ன சாப்பிடுகிறேன், யாரைக் கல்யாணம் செய்கிறேன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்பதில் ஊருக்கு வேலை இல்லை. கடலில் அது தடுமாறுகிறது. அண்ணனின் வலை யாரையும் அடிக்கவில்லை, யார் வலையையும் கிழிக்கவில்லை. ஆனால் இருநூறு படகுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் கூலி குறைந்தது. இந்தப் பையன் என்னை அடித்தான் என்று காட்ட ஆள் இல்லாத தீங்கு அது. இருநூறு பேரிடமிருந்து சிறுகச் சிறுகப் போய், நாற்பது பேரிடம் மொத்தமாகச் சேர்ந்தது. சட்டம் பெரும்பாலும் ஒருவன் ஒருவனுக்குச் செய்வதையே தீங்காகப் பார்த்துப் பழகியது. இந்த மாதிரித் தீங்கைக் கடலோடு இருக்கிற ஊர்தான் முதலில் கண்டுகொள்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திங்கட்கிழமை வலை எங்கே விழுந்தது என்று பல மாதம் கழித்து அண்ணனே என்னிடம் சொன்னார். 12 மைலுக்கு வெளியே போனது உண்மை. அங்கே மீன் இல்லை. திரும்பி வருகிற வழியில், எல்லைக்கு நன்றாக உள்ளே, மத்திக் கூட்டம் கடலைக் கருக்க வைத்துக்கொண்டு நின்றது. நாற்பது பேர், நாற்பது வீட்டுக் கடன். வலை இறங்கிவிட்டது. ஜிபிஎஸ் கையில் இருந்தும் அந்த நேரத்தில் அதை யாரும் பார்க்கவில்லை என்றார். ஆக, சட்டப்படியும் அவர் பக்கம் முழுக்கச் சரியில்லை. ஆனால் ஊர் அபராதம் போட்டபோது இது ஊருக்குத் தெரியாது, யாரும் விசாரிக்கவும் இல்லை. 20 மைலில் போட்டிருந்தாலும் அதே இருபத்தைந்தாயிரம்தான்.

இழுவைப் படகு பற்றிய அவருடைய கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. பெரிய படகுக்காரரைக் கேட்கத் துணியாத ஊர், சொந்த ஊர்க்காரனின் தாலிக்கொடி வரை போனது. ஒருவனின் சுதந்திரத்தைக் குறைக்கலாம். ஆனால் யாருக்குக் குறைப்பது எளிதோ அவனுக்கு மட்டும் குறைத்தால், அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நல்லதானாலும் அவன் அதை அநியாயமாகத்தான் பார்ப்பான்.

அண்ணி

ஒதுக்கிவைத்தலை அண்ணன் அதிகம் அனுபவிக்கவில்லை. கடலில் இருக்கும்போது யாரும் பேசாவிட்டால் என்ன? பக்கத்துத் துறையில் கூலி ஆளாக வேறு படகில் ஏறிவிட்டார். முழுச் சுமையும் அண்ணி தலையில் விழுந்தது. அவர் ஏலத்தில் மீன் எடுத்து முதுநகர் பக்கம் தெருவில் விற்கிறவர். ஏலம் விடுகிறவர் அவர் கேட்ட விலை காதில் விழாதது போல அடுத்தவரிடம் திரும்பினார். ஐஸ் கிடைக்கவில்லை. எட்டுப் பெண்கள் சேர்ந்து கூடையோடு போகும் ஷேர் ஆட்டோவில், இன்றைக்கு இடம் இல்லை அக்கா என்றார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னவளோடு தெருப்பிள்ளைகள் விளையாடவில்லை. பெரியம்மா இறந்துபோனால் தூக்குவதற்கு நான்கு பேர் வருவார்களா என்று அண்ணி ஒரு நாள் கேட்டார். பெரியம்மா அடுத்த அறையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

“கூட்டத்துல உக்கார எனக்கு இடமில்ல. தண்டனையில மட்டும் முழுப் பங்கு குடுத்துட்டாங்க” என்று அவர் சொன்னதை நான் மறக்க முடியாது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. வலைக்கு நகை கொடுத்தவர், மீன் விற்பவர், கடன் அடைப்பவர், பட்டினி கிடப்பவர் எல்லாம் அவர்களே. முடிவில் மட்டும் அவர்கள் இல்லை.

பொதுச் சொத்தை அதைச் சார்ந்து வாழ்கிற மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுவதும் ஆராய்ந்து காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு மாதிரியான ஏற்பாடுகளுக்கு அவரைப் போல மரியாதை கொடுத்தவர்கள் குறைவு. ஆனால் நீடித்து நிற்கும் ஏற்பாடுகளில் அவர் கண்ட இரண்டு குணங்கள் எங்களிடம் இல்லை. ஒன்று, விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு விதி போடுவதில் பங்கு. இன்னொன்று, தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. எங்கள் ஊரில் அபராதத்துக்கு அடுத்த படியே ஒதுக்கல். நடுவில் வலையைச் சில மாதம் ஊர்ப் பொறுப்பில் வைப்பது, சில நாள் கடலுக்குப் போகாமல் நிறுத்துவது என்று எத்தனையோ படி இருந்திருக்கலாம்.

வலையைத் தடுத்தது சரி என்று இப்போதும் சொல்கிறேன். வரியை மறுத்தது தவறு. முதலாவது ஒரு செயலுக்கு எல்லை போடுகிறது. இரண்டாவது, அந்த மனிதனையே எல்லைக்கு வெளியே தள்ளுகிறது. கூடவே எந்தச் செயலும் செய்யாத மூன்று பெண்களையும் ஒரு கிழவியையும் தள்ளுகிறது. கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு வாழ ஒருவனுக்கு அந்த ஊரில் இடம் இருந்தால்தானே அவன் ஏற்றுக்கொள்வான்?

சட்டத்தில் இதற்கு வழி தேடினால் ஏமாற்றம்தான். ஒரு சமூகத் தலைவர் தன் சமூகத்தாரை விலக்கி வைப்பதைத் தடுத்த பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1962-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மத விவகாரத்தை நிர்வகிக்கும் உரிமையில் அதுவும் அடங்கும் என்பது அன்றைய நிலை. 2023 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பரிசீலிக்க ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மகாராஷ்டிரம் 2016-இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகவே தனிச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் புறக்கணித்தால் வன்கொடுமைச் சட்டம் பாயும். மீனவச் சாதிகள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அண்ணிக்கு அந்த வழியும் இல்லை. மிரட்டினார்கள், அடித்தார்கள் என்றால் புகார் கொடுக்கலாம். பேசவில்லை, வரி வாங்கவில்லை என்று யார் மேல் புகார் கொடுப்பது?

முடிந்த விதம்

கடைசியில் கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சு நடந்தது, 2024 தை மாதம். அதுவும் அண்ணன் கேட்டதால் நடக்கவில்லை. நர்சிங் படிக்கும் பெரிய பெண் தன் கையால் எழுதிக் கொடுத்த மனுவால் நடந்தது. அதில் அவள் வலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவுக்கு ஆட்டோவில் இடம் வேண்டும், தங்கைக்கு விளையாட ஆள் வேண்டும், பாட்டிக்கு நாளைக்கு ஏதாவது என்றால் ஆள் வேண்டும் என்று மூன்றே விஷயம்.

பேச்சில் ஊர்த்தரப்பு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரையும் ஒதுக்கவில்லை, அவர்களாகத்தான் ஒதுங்கி இருக்கிறார்கள் என்றார்கள். அண்ணனும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோது, வலை எங்கே விழுந்தது என்று என் அப்பா நேராகக் கேட்டார். அண்ணன் சொன்னார். பெரியவர்கள் மூன்று பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த விவகாரம் முழுவதிலும் ஒருவர் கேள்வி கேட்டு இன்னொருவர் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பிறகு எல்லாம் எழுத்தில் இல்லாமல் நடந்தது. அண்ணன் தன் பங்கை வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றார். அபராதம் ஐயாயிரமாகக் குறைந்தது; அபராதம் என்று சொல்லாமல் கோயில் காணிக்கை என்று ரசீது போட்டார்கள். நகையில் பாதி இன்னும் அடகில்தான் இருக்கிறது. கூட்டத்தில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று நானும் இன்னும் சில பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.

2024 பிப்ரவரி 24 மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வருகிற நாள். அதற்கு நான்கு நாள் முன்பு வரி வாங்குகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அண்ணி வாசலுக்கு வரவில்லை. உள்ளேயே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரி வாங்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு சின்னவள் போய்ப் பணத்தைக் கொடுத்து ரசீதை வாங்கி வந்தாள்.